தொண்ணூறின் அடிமானத்தில் மூன்று ஒன்றுகள்

வணக்கம் நேயர்களே. இன்று நான் சொல்லப்போகும் கணக்குகளுக்குக் காகிதம் தேவையில்லை. காதால் கேட்டே சரிபார்த்துவிடலாம்.

முதலில் 31 என்ற பகா எண். இரண்டின் அடிமானத்தில், அதாவது இட மதிப்பு பத்து மடங்காக அல்லாமல் இரண்டு மடங்காக ஏறும் கணினி எண்ணும் முறையில், பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று ஆகிய ஐந்தையும் கூட்டினால் 31. ஆகவே அங்கே அது ஐந்து ஒன்றுகள். இனி ஐந்தின் அடிமானம். இருபத்தைந்து, ஐந்து, ஒன்று. கூட்டினால் மறுபடியும் 31. இங்கே மூன்று ஒன்றுகள்.

எந்த அடிமானத்தில் எழுதினாலும் 31 பகா எண்தான். வகுபடாமை எண்ணின் குணம். வெறும் ஒன்றுகளாகத் தெரிவதோ எழுதும் முறையைப் பொறுத்தது. இதில் ஒரு மலிவான வித்தையும் உண்டு. 31ஐ முப்பதின் அடிமானத்தில் எழுதினால் இரண்டு ஒன்றுகள். மூன்று முதல் எந்த எண்ணையும் இப்படி, அதைவிட ஒன்று குறைந்த அடிமானத்தில் எழுதிவிடலாம். அதனால் குறைந்தது மூன்று இலக்கங்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படி இரண்டு அடிமானங்களில் ஒன்றுகளாகவே நிற்கும் எண்கள் எத்தனை?

31 அப்படிப்பட்டது என்பதை ராட்டா என்பவர் 1916இல் ஒரு பிரெஞ்சுக் கணித இதழில் குறிப்பிட்டார். மறு ஆண்டே, பெல்ஜியப் பொறியாளர் ரெனே கோர்மாக்டிக் இரண்டாவது எண்ணைக் காட்டினார்: 8191. இரண்டைப் பதின்மூன்று முறை பெருக்கினால் 8192. அதில் ஒன்று குறைவு என்பதால், இரண்டின் அடிமானத்தில் பதின்மூன்று ஒன்றுகள். மற்ற அடிமானம் எது தெரியுமா? தொண்ணூறு! தொண்ணூறைத் தொண்ணூறால் பெருக்கினால் 8100. அதோடு ஒரு தொண்ணூறு, ஓர் ஒன்று. சரியாக 8191. தொண்ணூறு தனித்தனிக் குறிகள் வேண்டிய அந்த முறையில், இந்த எண்ணுக்கு ஒரே குறி போதும்.

8191ம் பகா எண்தான். கேள்வி பகா எண்ணைக் கேட்கவேயில்லை. கிடைத்த இரண்டும் பகா எண்களாக வந்து நிற்கின்றன. ஒன்றுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்: ஐந்து, பதின்மூன்று, மூன்று. அவையும் பகா எண்கள். இதில் வியப்பில்லை. ஆறு ஒன்றுகள் இருந்தால் அவற்றை இரண்டிரண்டாகப் பிரித்துவிடலாம். எந்த அடிமானத்திலும் அந்த எண், அதே அடிமானத்தில் இரண்டு ஒன்றுகளாக எழுதப்படும் எண்ணால் வகுபடும். ஆனால் நீளம், அதாவது ஒன்றுகளின் எண்ணிக்கை, பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டின் அடிமானத்தில் பதினோரு ஒன்றுகள் என்பது 2047. அது 23ஐ 89ஆல் பெருக்கிக் கிடைப்பது.

இந்த இரண்டைத் தவிர வேறு எண் இல்லை என்பதே கோர்மாக்டிக்கின் ஊகம். ஒரு நூற்றாண்டு கடந்தும் அதை யாரும் நிறுவவில்லை. மூன்றாவது எண்ணையும் காட்டவில்லை. இரண்டு நீளங்களையும் முன்னதாகவே நிலையாக வைத்துக்கொண்டால் விடைகள் முடிவுள்ளவை, அதாவது எண்ணிக்கையில் எல்லைக்கு உட்பட்டவை என்று டேவன்போர்ட், லூயிஸ், ஷின்செல் ஆகிய கணித அறிஞர்கள் 1961இல் காட்டினார்கள். பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியன், டி. என். ஷோரியுடன் சேர்ந்து 1980இல் வேறு பக்கமிருந்து வந்தார். அடிமானங்களின் பகாக் காரணிகள் முன்கூட்டியே குறித்த ஒரு பட்டியலுக்குள் அடங்கினால், அப்போதும் விடைகள் முடிவுள்ளவையே. இந்தக் கட்டுப்பாடுகளை எல்லாம் நீக்கிவிட்டால், இரண்டுதான் என்பது இருக்கட்டும், விடைகள் முடிவுள்ளவை என்பதுகூட இன்னும் நிறுவப்படவில்லை.

நன்றி, வணக்கம்.