பிலிம் ரோலை சூட்கேசுக்குள்ள வைக்காதேங்கோ

வணக்கம், கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும். நான் கிளிநொச்சியில முந்தி ஸ்டூடியோ வைச்சுப் படம் கழுவிக்கொண்டிருந்த ஆள், பிலிமைப் பற்றிக் கதைக்க வாங்கோ எண்டு கூப்பிடேக்க எனக்கே சிரிப்பு வந்தது, ஆனா வெளிநாட்டில இருக்கிற எங்கட பெடியள் திரும்பவும் பிலிம் கமராவோட வந்து இறங்கீனம், அதால சொல்லத்தான் வேணும்.

அக்கான்ர மகன் லண்டனில இருந்து வைகாசிப் பொங்கலுக்கு வந்தவன். வற்றாப்பளை அம்மன் கோயில், நந்திக்கடல் கரை, எங்கட அம்மா அடுப்படியில குந்தியிருந்து புட்டு அவிக்கிறது எண்டு நாலு ரோல் அடிச்சான். போகேக்க நாலையும் சேட்டுக்குள்ள சுத்தி பெரிய சூட்கேசுக்குள்ள வைச்சிட்டான், பக்குவமாம்! அங்க போய்க் கழுவினா எல்லாம் சாம்பல் பூசின மாதிரி, குறுக்கால அலை அலையா வரி, ஒரு வரி அம்மான்ர முகத்துக்கு மேலாலயே போகுது. புட்டுக்குழல் மட்டும் வடிவாத் தெரியுது.

விசயம் இதுதான். பிலிமில இருக்கிற வெள்ளி உப்புக்கு எக்ஸ்ரேயும் வெளிச்சம் மாதிரித்தான். பிளேனுக்குக் கீழ போற பெட்டியளுக்குப் பாவிக்கிற எக்ஸ்ரே மெசின் சரியான பவர், கழுவாத பிலிம் அதுக்கால போகவே கூடாது. கையில கொண்டுபோற பைக்கு இருந்த பழைய மெசினில 100, 200, 400 ஐஎஸ்ஓ (பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு கெதியாப் பிடிக்கும் எண்ட கணக்கு) ரோல் ஒண்டு ரெண்டு தரம் தாங்கும், ஆனா ஒவ்வொரு தரமும் படுறது சேர்ந்துகொண்டே போகும், டோஹாவில மாறி ஏறினா அங்கயும் ஒருக்கா எண்டு கணக்குப் பாருங்கோ. இப்ப கன எயார்போட்டில ஆசுபத்திரியில இருக்கிற மாதிரி சிடி ஸ்கேன் பூட்டியிருக்கு, அதில ஒருக்காவும் விடாதேங்கோ எண்டு பிலிம் செய்யிற கொடாக், இல்ஃபோர்ட் கொம்பனிக்காரரே சொல்லீனம். 3200 மாதிரிக் கூடின ரோல் எண்டா எந்த மெசினும் வேண்டாம்.

அப்ப என்ன செய்யிறது? ரோலை அது வாற பிளாஸ்டிக் பேணியால எடுத்து, உள்ளுக்க தெரியிற சிப் பையில போட்டுக் கையில வைச்சிருங்கோ. பெல்ட்டில வைக்க முந்தியே 'ஹாண்ட் செக் பிளீஸ்' எண்டு சிரிச்சுக்கொண்டு கேளுங்கோ, நேரத்தோட போனா அவையும் எரிஞ்சு விழமாட்டினம். அமெரிக்காவில கேட்டா கையால பாப்பினம், வேற சில இடத்தில மாட்டம் எண்டுவினம், அதுக்கு ஒண்டும் செய்யேலாது. எக்ஸ்ரேயைத் தடுக்கும் எண்டு விக்கிற ஈயப் பையை நம்பாதேங்கோ, மெசினில கறுப்பாத் தெரிஞ்சா பையைத் திறக்கச் சொல்லுவினம், இல்லாட்டி திரும்ப ஒருக்கா விடுவினம். கமராக்குள்ள பாதி அடிச்ச ரோலோடயும் போகாதேங்கோ, ஆரும் பின்மூடியைத் திறந்தா அதோட சரி.

கழுவின நெகட்டிவ் எண்டா எந்த மெசினும் ஒண்டும் செய்யாது. மருமகன் வாற வைகாசிக்கும் வாறானாம், கறுப்பு வெள்ளை ரோலாக் கொண்டு வாடா எண்டு சொல்லியிருக்கிறன், என்னட்டப் பிலிம் கழுவுற பழைய டாங்க் கிடக்கு, குசினிக்கையே வைச்சுக் கழுவிக் குடுத்து விடலாம், மருந்தைத்தான் கொழும்பில ஆரிட்டயாவது தேடோணும்.