மூன்று விநாடி மஞ்சள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே வந்து மேடையைச் சிறப்பித்திருக்கும் போக்குவரத்துப் பொறியாளர் பெருமக்களே, எனக்குக் கணினியைத் தொடக் கற்றுக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசான் அவர்களே, பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள். சாலைச் சந்திப்பில் ஓட்டுநர் ஏன் பதறுகிறார்? சாலையையும் வண்டிகளையும் திரையில் ஓடவிட்டுப் பார்க்கும் கணினி சிமுலேஷன் இதற்கு என்ன விடை தருகிறது? சிக்னல், சிக்னல் இல்லாத முச்சந்தி, பாதசாரி என்று மூன்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். ஒருநாள் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து வண்டி ஓட்டிப் போகிறேன். வேகம் 60. பச்சை விளக்கு எரிகிறது. கிட்டே போகும்போது மஞ்சள்! பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு லாரி, முகப்பு முழுவதும் தெரிகிறது. காலை எடுத்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். கோட்டைத் தொடும் முன்பே சிவப்பு விழுந்துவிட்டது. குறுக்கே கிளம்பிய ஸ்கூட்டர்க்காரர் ஒரு சாண் இடைவெளியில் நின்றார். அம்மா மடியிலிருந்த பை கீழே விழுந்து சாமான்களெல்லாம் உருண்டன. வீடு சேரும்வரை அவர் பேசவில்லை. இறங்கும்போது கேட்டார்: "ஏன்டா, நின்னாலும் தப்பு, போனாலும் தப்புன்னா அந்த விளக்கு எதுக்குடா?"

அன்றிரவே கணக்குப் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். மஞ்சளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, அதற்குள்ளேயே 16.7 மீட்டர் போய்விடும். பிறகு முரட்டுத்தனமில்லாமல் நிறுத்த 46 மீட்டர். மொத்தம் 63. மஞ்சளோ மூன்றே விநாடி. அதற்குள் 50 மீட்டர்தான் போக முடியும். 50-க்கும் 63-க்கும் நடுவில் இருப்பவர் நிற்கவும் முடியாது, கடக்கவும் முடியாது. 1960-லேயே கேசிஸ், ஹெர்மன், மாரடூடின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இந்தச் சிக்கலை எழுதிவைத்துவிட்டார்கள்.

கணக்கில் ஓட்டுநர் ஒருவர்தான். சிமுலேஷனில் ஆயிரம் பேர். ஒருவருக்குக் கால் மெதுவாக நகரும், ஒருவர் துரத்திக்கொண்டே வருவார், ஒருவருக்குச் சாலை நனைந்திருக்கும். நாகெல், ஷ்ரெக்கன்பெர்க் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1992-இல் கணினியில் சாலையை ஏழரை மீட்டர் கட்டங்களாக வெட்டி, வண்டிகள் அவ்வப்போது காரணமே இல்லாமல் வேகம் குறைக்கட்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். அந்த ஒரு விதியால், யாரும் மறிக்காத சாலையிலும் திரையில் நெரிசல் தானாக முளைத்தது. மனிதத் தடுமாற்றத்தை எண்ணாக்கிய அழகு அது! ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய 'சுமோ' என்ற போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள் இலவசம். மாணவர்களே, இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் ஒரே சந்திப்பில் பத்தாயிரம் முறை மஞ்சளை எரியவைத்துப் பார்க்கலாம்.

நான் சொன்ன கணக்கில் மஞ்சளை நான்கு விநாடியாக்கினால் அந்தப் பதின்மூன்று மீட்டர் மறைந்துவிடுகிறது. நீட்டினால் மக்கள் அதையும் பச்சையாக்கிக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பழக்கம் வலியதுதான், மறுக்கவில்லை. அதற்காகத்தான் அளந்து நீட்டச் சொல்கிறேன். பதறாத காரியம் சிதறாது. ஆனால் பதறாமலிருக்க ஒரு விநாடி வேண்டாமா ஐயா?

முச்சந்தியும் பாதசாரியும் இன்னொரு நாளைக்கு. தலைவர் மணியைப் பார்க்கிறார். பொறியாளர் பெருமக்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகள் உண்மையில் வரும் வேகத்தை அளந்து மஞ்சள் நேரத்தை நிர்ணயியுங்கள். இதற்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து அம்மாவுடையது.

நன்றி, வணக்கம்.