தண்ணீர் பாட்டில் சுமக்கும் அணியின் சார்பில்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம். "இளையோர் கழக விளையாட்டில் பிள்ளைகளுக்குப் பண்பைக் கற்றுத் தருவது பயிற்றுநரா, பெற்றோரா?" என்ற தலைப்பில், பெற்றோரே என்று வாதிட வந்திருக்கிறேன். நீண்ட வாழ்த்துரைகளை எதிரணிக்கே விட்டுவிடுகிறேன்; சொல்வதற்கு வேறொன்றும் இல்லாதவர்களுக்கு அவை பயன்படும்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "அகாடமிக்கு மாதக் கட்டணம் கட்டியதோடு அப்பாவின் கடமை முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு மைதானத்தில் அவருக்கு ஒரே வேலைதான், தண்ணீர் பாட்டில் சுமப்பது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அப்படிக் கைதட்டியவர்களில் பாதிப் பேர், இன்று காலையில் மகனின் கிட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தவர்கள் என்பதை நான் நடுவரிடம் சொல்லப்போவதில்லை. ஆனால் நண்பர் கையில் கொடுத்த அந்தத் தண்ணீர் பாட்டிலை அவ்வளவு எளிதில் கீழே வைக்கவும் போவதில்லை.

சென்னையில் ஒரு மைதானம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான கிரிக்கெட் ஆட்டம். தண்ணீர் பாட்டிலோடு ஓர் அப்பா, எல்லைக்கோட்டுக்கு வெளியே, டீக்கடைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மகனின் கால்காப்பில் பந்து படுகிறது. அம்பயர் ஓய்வுபெற்ற பெரியவர். நிதானமாக யோசித்து, அவுட் என்று விரலை உயர்த்துகிறார். உடனே நாற்காலி பின்னால் சாய, அப்பா எழுந்து, "சார், அந்தப் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போகிறது!" என்று முழங்குகிறார். பெரியவர் கோபப்படவில்லை. மெல்ல நடந்து வந்து, தன் தொப்பியைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்து, பந்து எண்ணும் கவுண்ட்டரையும் கையில் திணித்து, "இவ்வளவு தூரத்திலிருந்தே உங்களுக்கு இத்தனை துல்லியமாகத் தெரிகிறதென்றால், பக்கத்தில் நின்றால் இன்னும் நன்றாகத் தெரியுமே, அடுத்த ஓவர் நீங்களே நில்லுங்கள்" என்றார்.

அப்பா நின்றார். முதல் பந்தே கால்காப்பில் பட்டது. பதினொரு பிள்ளைகள் ஒரே குரலில் முறையிட்டார்கள். அப்பா பந்து வீசியவனைப் பார்த்தார், மட்டை பிடித்தவனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கடைசியில் டீக்கடையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நான் சரியாகக் கவனிக்கவில்லை, இன்னொரு முறை போடு."

சிரிக்கிறீர்கள். நடுவரும் சிரிக்கிறார். ஆனால் நீங்கள் கவனிக்காத ஒருவன் அந்த மைதானத்தில் இருந்தான், ஆகவே அதே காட்சியைத் தொலைக்காட்சியில் காட்டுவதுபோல் மெதுவாக மறுபடியும் ஓட்டுகிறேன். அம்பயரின் விரல் உயர்கிறது. அந்தப் பையன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஹெல்மெட் வாரை அவிழ்த்தபடி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நடக்கத் தொடங்குகிறான். அப்பாவின் குரல் கேட்கிறது. பையன் நிற்கிறான், திரும்புகிறான், மறுபடியும் கிரீசுக்கு வந்து, அம்பயரை முறைத்துப் பார்க்கிறான். அந்த முறைப்பு அப்படியே அப்பாவின் முறைப்பு, அதில் ஒரு புருவம்கூடக் குறையவில்லை. "விரல் உயர்ந்தால் பேசாமல் நட" என்று பயிற்றுநர் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்ததை ஒரே சத்தத்தில் துடைத்துப் போட்டவர் யார்? தண்ணீர் பாட்டில் சுமந்தவர்!

"கெடுப்பது வேறு, கற்றுத் தருவது வேறு" என்று எதிரணியில் குறிப்பெடுப்பது எனக்குத் தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள், கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிறுவர் சதுரங்கப் போட்டிகளில் ஆட்டம் தொடங்கியதும் பெற்றோரை அரங்கத்துக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008இல் மரியாதைக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கி, சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் நிற்பதற்குத் தனியாக இடம் குறித்து, கோட்டுக்குப் பின்னால் நிறுத்தியது. பூனைக்கு யாராவது அங்குசம் செய்வார்களா? பெற்றோரின் வாய்க்கு அத்தனை வலிமை இருப்பதால்தான் அத்தனை காவல். எதிரணித் தலைவர் பெருமையோடு எடுத்துச் சொன்ன கிரிக்கெட்டின் 42ஆவது விதியும் அப்படித்தான். 2017இல் வந்த அந்த விதியின்படி, மோசமாக நடந்துகொள்ளும் ஆட்டக்காரரை அம்பயர் வெளியேற்றச் செய்யலாம், எதிரணிக்கு 5 ஓட்டங்களை வழங்கலாம். நல்ல விதிதான். ஆனால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பவரை அந்த விதி என்ன செய்யும்?

நண்பரின் பாட்டிலுக்கே மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் அதில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. மகனோடு ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் பயணம் செய்வதற்காகத் தன் மருத்துவத் தொழிலையே நிறுத்தி வைத்தவர், சென்னையைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர். அவருடைய பெயர் ரஜினிகாந்த். கைதட்டலை மகனுக்காக மிச்சம் வையுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினெட்டு வயதில், டிங் லிரேனை வென்று உலக சதுரங்க சாம்பியன் ஆன குகேஷ், கண்ணீர் வழிய அமர்ந்திருந்த அந்த நேரத்திலும் பலகையில் கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்கினார்; பிறகு, தோற்றவரை உண்மையான சாம்பியன் என்று உலகத்தின் முன்னால் புகழ்ந்தார். பயிற்றுநருக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் துணிந்தவன் அல்லன். ஆனால் சுமந்தவர் சும்மா சுமக்கவில்லை என்பதை நண்பர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நடுவர் அவர்களே, வாதம் போதும், கொஞ்சம் மனத்தோடு பேச விடுங்கள். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள், இலக்கு 271. 82 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் விழுந்த பிறகு, முதுகுவலியோடு நின்று 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் ஆட்டமிழந்தபோது, வெற்றிக்கு வேண்டியிருந்தவை 17 ஓட்டங்கள்தான். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டுகளும் சேர்ந்து நான்கே ஓட்டங்கள் எடுத்தன. 12 ஓட்டங்களில் தோற்றோம். அன்று அரங்கத்தில் இருந்தவர்களின் நெஞ்சு எப்படி எரிந்திருக்கும்! அடுத்த மாதமே வேறொரு பெருநகரத்தில் நம் அணி அதே பாகிஸ்தானிடம் தோற்கும் நிலையில் இருந்தபோது, பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு வெறும் அரங்கத்தில் ஆட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. ஊர் பெயர் வேண்டாம், அதைச் சொல்லாமல் விடுவதும் ஒரு பண்புதான். சேப்பாக்கத்தில் என்ன நடந்தது? கூட்டம் எழுந்து நின்றது. பாகிஸ்தான் அணித் தலைவர் வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்டக்காரர்களும் மைதானத்தைச் சுற்றி வர, சென்னை கைதட்டியது.

அந்தக் கூட்டத்துக்கு எந்த அகாடமி பயிற்சி கொடுத்தது? எந்தக் கோச் விசில் ஊதி எழுப்பினார்? அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அன்று வந்திருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஏன் நம்மைத் தோற்கடித்தவனுக்குக் கைதட்டுகிறோம் என்று புரியாமல், அப்பா தட்டுகிறாரே என்பதற்காகத் தானும் தட்டிய ஒரு சிறுவனாவது அங்கே இருந்திருப்பான். இன்று அவனும் தகப்பனாகி, ஏதோ ஒரு மைதானத்தில், ஏதோ ஒரு நாற்காலியில், கையில் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பான். தன் மகன் அவுட்டாகித் தலைகுனிந்து வரும்போது அவன் கத்தமாட்டான் ஐயா, தண்ணீரை நீட்டுவான்.

நடுவர் மணி அடித்துவிட்டார். எனக்கு இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்றே என் கடிகாரம் காட்டுகிறது. ஆனாலும், இத்தனை நேரம் பேசிவிட்டு நடுவரின் மணியை எதிர்த்து வாதிட்டால் எதிரணி என்னை விடமாட்டார்கள் என்பதால், முணுமுணுக்காமல் போய் அமர்கிறேன். வணக்கம்.