வீட்டிலேயே பின்சக்கர பேரிங் மாற்றலாம்

வணக்கம் நேயர்களே. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களோடுதான் இன்று முக்கியமாகப் பேசப் போகிறேன். 2014 ஜனவரியோடு அந்த வண்டியின் தயாரிப்பு நின்றுவிட்டது, ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் பல காலம் ஓடும்.

வேகம் ஏறியதும் பின்னாலிருந்து ஊம்ம்ம் என்று ஒரு சத்தம் வருகிறதா? டயர் சத்தம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். டயராக இருந்தால் தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்குப் போகும்போது சத்தமும் மாறும். பேரிங், அதாவது சக்கரம் சுலபமாகச் சுழல இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் ஓடுகிற பாகம், அப்படி இல்லை, ரோடு எதுவானாலும் அதே சத்தம்தான், நியூட்ரலில் உருளவிட்டாலும் போகாது. இடது பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பின்சக்கரம், ஏனென்றால் வளைவில் பாரம் வெளிப்பக்கத்துச் சக்கரத்தில்தான் விழுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். டிரம், அதாவது சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற பிரேக் உருளையைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விட்டுத்தான் ஆகவேண்டும், அதனால் வண்டியை கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் வேண்டாம். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் நடுவிலுள்ள மூடியைத் தட்டி எடுத்து, நட்டு கழன்றுவிடாமல் பிடித்திருக்கும் ஸ்பிலிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் டிரம் வெளியே வரும்.

டிரம்முக்குள் இரண்டு பேரிங், அவற்றுக்கு இடைவெளி விட நடுவில் ஸ்பேசர் என்று ஒரு குழாய். இதில் நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிற விஷயம் ஒன்று இருக்கிறது: அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள்! இந்த வண்டியில் பேரிங்கின் வெளிவளையம்தான் டிரம்முக்குள் இறுக்கமாக உட்காருகிறது, உள்வளையம் தண்டின்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே புது பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டுமே தட்ட வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும்.

நண்பர் ஒருவர் ஒரு பட்டறையில் புது பேரிங் போட்டு வந்தார், கொஞ்ச நாளிலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது. "சரக்கு மட்டம், கம்பெனியே சரியில்லை" என்று அவருக்குக் கோபம். அந்த பேரிங்கை வாங்கி, வெட்டித் திறந்து, துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். குண்டு ஓடுகிற பாதையில் சின்னச் சின்னப் பள்ளங்கள், குண்டுகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் வரிசையாக. நகத்தை மெல்ல ஓட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் தட்டுகிறது. அதாவது, வண்டியில் மாட்டும்போதே சுத்தியலால் அதைக் கொன்றுவிட்டார்கள், பாவம் பேரிங் என்ன செய்யும்? இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் அதே அகலத்தில் ஒரு சாக்கெட்டோ, கழற்றிய பழைய பேரிங்கோ மேலே வைத்து, கோணாமல் சுற்றிலும் தட்டியிருந்தால் போதும். வெளிவளையத்தில், மறக்காதீர்கள், வெளிவளையத்தில்தான். பழையதைக் கழற்றும்போது இந்தக் கவலை வேண்டாம், அதை எப்படியும் தூக்கித்தான் போடப்போகிறோம். ஸ்பேசரை ஒரு பக்கம் ஒதுக்கி, உள்வளையத்திலேயே தட்டி எடுக்கலாம்.

அப்புறம் அந்த ஸ்பேசர். ஒரு பேரிங் ஏறியதும் அதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை ஏற்ற வேண்டும். அது இல்லாமல் நட்டை முறுக்கினால் இறுக்கம் முழுவதும் குண்டுகள்மேல் போய் விழும்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள இடத்தில் பாதிக்கும் குறைவாகவே கிரீஸ் வையுங்கள், அடைத்து வைத்தால் சூடாகிக் கசிந்து பிரேக் ஷூவில் போய்ப்படும். டிரம்முக்குள் இருக்கிற தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். நட்டை வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள், பழைய ஸ்பிலிட் பின்னைத் திரும்பப் போடவே கூடாது, புதுசு சில ரூபாய்தான். வீல் நட்டுகளை மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள். வணக்கம்.