கம்புக் கதிரில் வடியும் தேனும் பிரசவ அறை ஊசியும்

[காட்சி: பென்னாகரம் பக்கம் ஒரு கம்பு வயல், மூடாக்கு வானம். கேமரா ஒரு கதிருக்குக் கிட்டே போகிறது.]

வணக்கம். இந்தக் கதிரைப் பாருங்கள், இளஞ்சிவப்பாகத் தேன் மாதிரி வடிகிறது, தொட்டால் விரலில் ஒட்டும். தருமபுரியில் ராகிதான் அதிகம், ஆனால் கம்பு போடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பூக்கும் சமயத்தில் மழையும் மூடாக்குமாக இருந்தால் வருகிற தேனொழுகல் நோய். காரணம் கிளாவிசெப்ஸ் என்கிற பூஞ்சை. அப்புறம் மணி பிடிக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு கட்டி நீட்டிக்கொண்டு நிற்கும், அதைத் தின்றால் வாந்தியும் தலைசுற்றலும். அதனால்தான் விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைப் போடச் சொல்கிறார்கள். கட்டி மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும்.

[காட்சி: கருத்த கட்டிகளோடு ரை கதிர்]

இதன் உறவுக்காரப் பூஞ்சை ஒன்று ஐரோப்பாவில் ரை தானியத்தில் வரும். அந்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு ரத்தக்குழாய் சுருங்கி, கை கால் விரல்கள் கருத்து அழுகிப்போயின. அவ்வளவு கொடிய விஷம். ஆனால் அந்தச் சுருக்கும் குணம் கர்ப்பப்பையிலும் வேலை செய்யும். 1935இல் அந்தக் கட்டியிலிருந்து எர்கோமெட்ரின் என்ற பொருளைத் தனியாகப் பிரித்தார்கள். பிரசவம் ஆனபின் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு, அதிலிருந்து வந்த மெத்தில் எர்கோமெட்ரினை இன்றும் ஊசியாகப் போடுகிறார்கள். ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்கு மட்டும் தவிர்ப்பார்கள், காரணம் அதே சுருக்கம்தான்.

சரி, பூஞ்சைக்கு எதற்கு இப்படி ஒரு பொருள்? நாம் சோற்றை வாயில் போட்டுச் செரிக்கிறோம், பூஞ்சை அப்படி இல்லை, நொதிகளை வெளியே விட்டு, இருக்கிற இடத்திலேயே கரைத்து உறிஞ்சும், அப்படிக் கரைத்து வைத்ததை வழித்துத் தின்னச் சுற்றிலும் பாக்டீரியாக்கள் காத்திருக்கும், பூஞ்சையால் எழுந்து ஓடவும் முடியாது. அதனால் பல பூஞ்சைகள் ரசாயனத்தால் வேலி போடுகின்றன. பென்சிலின் அப்படி ஒரு வேலி.

ஜப்பானில் அகிரா எண்டோ என்கிற ஆராய்ச்சியாளர் இதை வைத்தே யோசித்தார். எதிரியின் உடலில் கொழுப்பு வகைப் பொருள்கள் உருவாவதைத் தடுக்கிற பூஞ்சை இருந்தால், அது மனிதனின் கொலஸ்ட்ராலையும் குறைக்குமே! 1971இல் தொடங்கி 6000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1973இல் கிடைத்தது காம்பாக்டின், அரிசியில் வளர்ந்த ஒரு பெனிசிலியத்திலிருந்து. அது மருந்தாகக் கடைக்கு வரவில்லை, ஆனால் அது காட்டிய வழியில், ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்ற பூஞ்சை தந்த லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து 1987இல் வந்தது. உங்கள் அப்பா ராத்திரி போடுகிற கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டின் ஆலையில் செய்வது, ஆனாலும் அதுவும் தடுப்பது, உடம்பு கொலஸ்ட்ரால் செய்ய உதவும் அதே நொதியைத்தான். அந்த மனிதரின் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் நார்வே மலைமண்ணில் இருந்த பூஞ்சை தந்தது. பாக்டீரியாவை எதிர்க்கும் புளூரோமுட்டிலின் என்ற பூஞ்சைப் பொருள் 1951இல் கிடைத்தது, அந்த வகையில் நிமோனியாவுக்கான மாத்திரை, லெஃபாமுலின், அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2019இல்தான். இதுவரை பெயர் வைத்த பூஞ்சைகள் ஏறக்குறைய ஒன்றரை லட்சம், உலகில் இருப்பதாகக் கணிப்பது 22 லட்சத்துக்கும் மேல். வத்தல்மலையிலும் அஞ்செட்டிக் காட்டிலும் மட்கும் இலைக்கு அடியில் யார் இன்னும் தேடிப் பார்த்தார்கள்?

[காட்சி: செல்போன் திரையில் மாத்திரை விளம்பரம்]

ஒரு விஷயம், கவலையோடு சொல்கிறேன். ஆன்லைனில் சிவப்பு ஈஸ்ட் அரிசி, அதாவது பூஞ்சை வளர்த்துச் சிவப்பாக்கிய அரிசி, அதன் மாத்திரையைக் கொலஸ்ட்ராலுக்கு "இயற்கை" என்று விற்கிறார்கள். அதில் இருப்பது லோவாஸ்டாட்டினேதான், பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும், சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினினும் கலந்திருக்கும். ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர் இதையும் சேர்த்துப் போட்டால் தசை பாதிக்கலாம். வீட்டில் யாராவது வாங்கியிருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.