3 உரம், 12 தொட்டி: கீரையை வைத்து ஒரு புள்ளியியல் சோதனை

[திரையில்: சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரம். சுவரோரம் கங்கோங் கீரைத் தொட்டிகள்.]

வணக்கம். சமையலறைக் கழிவில் செய்த கம்போஸ்ட் போட்டால் கங்கோங் நன்றாக வருமா, கடையில் விற்கும் திரவ உரம் போட்டால்தான் வருமா? யீஷூனில் ஒரு அங்கிளைக் கேட்டால் "கம்போஸ்ட்தான், வந்து எங்க வீட்டுத் தொட்டியைப் பாருங்க" என்பார். போய்ப் பார்த்தால் கீரை உண்மையிலேயே தளதளவென்று இருக்கும். ஆனால் அவர் வீட்டு வாசலில் காலை வெயில் நேராக விழுகிறது. அப்போ அந்தச் செழிப்பு உரத்தாலா, வெயிலாலா? தொட்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சோதனை செய்துதான் பார்க்க வேண்டும்.

மூன்று குழு வைத்துக்கொள்வோம். 'அ' உரமே போடாதது, 'ஆ' கம்போஸ்ட், 'இ' கடை உரம். உரம் போடாத குழு எதற்கு? பையில் வாங்கும் மண்ணிலேயே கொஞ்சம் சத்து இருக்கும். அது எவ்வளவு வளர்த்துவிடும் என்று தெரியாவிட்டால், உரம் கூடுதலாக என்ன செய்தது என்று சொல்லவே முடியாது.

[திரையில்: மூன்று பெரிய தொட்டிகள், ஒவ்வொன்றிலும் 20 செடி.]

பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். மூன்று பெரிய தொட்டி, தொட்டிக்கு ஒரு உரம், ஆளுக்கு 20 செடி. 60 செடியையும் அளந்து மென்பொருளில் போடுவார்கள். அதுவும் மறுபேச்சில்லாமல் கணக்குப் போட்டு "வித்தியாசம் இருக்கிறது" என்று சொல்லிவிடும். ஆனால் உரம் கிடைத்தது தொட்டிக்கு, செடிக்கு இல்லை. ஒரே தொட்டியில் இருக்கும் 20 செடிக்கும் ஒரே மண், ஒரே ஈரம், ஒரே வெயில். ஆக, இந்தச் சோதனையில் இருப்பது 60 தகவல் அல்ல, 3தான். குழுவுக்கு ஒரு தொட்டி! சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984இல் இந்தப் பிழைக்குப் போலி மறுசெய்கை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அப்போதே ஆய்விதழ்களில் இது மலிந்து கிடந்தது. புள்ளியியல் கற்றுக்கொள்ளும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட்கூட அப்புறம்தான்.

சரி, தொட்டியைக் கூட்டுவோம். 12 சின்னத் தொட்டி, குழுவுக்கு 4. எங்கே வைப்பது?

[திரையில்: தாழ்வாரத்தின் வரைபடம், நான்கு இடங்கள். வெயில் ஒரு முனையில் அதிகம், மறுமுனையில் குறைவு.]

தாழ்வாரத்தின் படிக்கட்டு முனையில் வெயில் அதிகம், லிஃப்ட் முனையில் நிழல். நான்கு கம்போஸ்ட் தொட்டியும் வெயில் பக்கம் போய்விட்டால், அங்கிள் கதைதான் திரும்பவும். அதனால் தாழ்வாரத்தை நான்கு இடமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் அ, ஆ, இ மூன்றையும் வைக்கிறோம். ஒரே இடத்தில் இருக்கும் மூன்றுக்கும் வெயில் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த இடத்துக்குள் எது முதலில், எது கடைசியில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். "கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன்" என்பது குலுக்கல் ஆகாது. நமக்குப் பிடித்த தொட்டியைக் கை தானாகவே நல்ல இடத்தில் வைக்கும்.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்துக்கு 1919இல் வேலைக்குப் போன ரொனால்டு ஃபிஷர் வயல்களுக்காக வகுத்த முறை இது. வயலில் மண் வளம் மூலைக்கு மூலை மாறும், நம் தாழ்வாரத்தில் வெயில் மாறுகிறது.

மற்றவை சுருக்கமாக. விதை, மண், தண்ணீர் எல்லாம் ஒரே அளவு. மூன்று குழுவும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். கம்போஸ்டை ஏப்ரலிலும் கடை உரத்தை டிசம்பரிலும் போட்டால், நடுவில் வடகிழக்குப் பருவமழை புகுந்து உரத்தின் பெயரில் விளையாடிவிடும். எடை போடுபவருக்கு எந்தத் தொட்டி எது என்று தெரியக்கூடாது. அப்புறம், நடப்பதற்கு 1.2 மீட்டர் இடம் விடுங்கள், தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசு வந்தால் அபராதம் வேறு!

[திரையில்: எண் அட்டவணை.]

ஒரு மாதம் கழித்து அறுவடை. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. வெயில் முனையிலிருந்து நிழல் முனைக்கு, கிராமில்:

அ: 127, 97, 99, 77. சராசரி 100.
ஆ: 133, 127, 118, 102. சராசரி 120.
இ: 148, 133, 110, 109. சராசரி 125.

சராசரி வேறுபடுவது பெரிய விஷயமில்லை. ஒரே உரத்தைப் பன்னிரண்டுக்கும் போட்டிருந்தாலும் மூன்று சராசரியும் ஒன்றாக வந்திருக்காது. தற்செயலாக வரக்கூடியதைவிட இது பெரிதா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் அனோவா: எண்களில் இருக்கும் மொத்த வேறுபாட்டைக் காரணவாரியாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கு.

12 எண்ணும் மொத்தச் சராசரியான 115இலிருந்து விலகி நிற்கின்றன. அந்த விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் 4288. அனோவா இதை மூன்று பங்காகப் பிரிக்கிறது: இடத்துக்கு 2562, உரத்துக்கு 1400, எதற்கும் சேராமல் மிச்சம் 326. பாருங்கள், உரத்தைவிட வெயிலின் பங்குதான் பெரிது!

உரத்தின் 1400ஐ 2ஆல் வகுத்தால் 700. மிச்சம் 326ஐ 6ஆல் வகுத்தால் 54.3. இந்த 2உம் 6உம் சுயேச்சை எண்கள், அதாவது சராசரி தெரிந்த பிறகும் சுதந்திரமாக மாறக்கூடியவை எத்தனை என்ற கணக்கு: குழுக்களில் ஒன்று குறைவு 2, இடங்களில் ஒன்று குறைவு 3, இரண்டையும் பெருக்கினால் 6. 700ஐ 54.3ஆல் வகுத்தால் 12.9. உரத்தால் எந்த மாற்றமும் இல்லையென்றால் இந்த விகிதம் 1ஐ ஒட்டி இருக்கும். உரம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் 100இல் 5 முறை தற்செயலாகத் தாண்டக்கூடிய எல்லை, அதாவது 5 சதவீத எல்லை, 5.14. நாம் அதைத் தாண்டிவிட்டோம். உரத்தால் ஒன்றுமே ஆகாத உலகில் இவ்வளவு பெரிய விகிதம் வர வாய்ப்பு 100இல் 1க்கும் கீழே. பி-மதிப்பு சொல்வது அவ்வளவுதான். "உரம் வேலை செய்வதற்கு 99 சதவீத வாய்ப்பு" என்று அதைத் திருப்பிப் படிக்காதீர்கள்.

இப்போது இதே 12 எண்ணை, இடத்தைக் கண்டுகொள்ளாமல் கணக்கிடுங்கள். 2562உம் மிச்சத்தோடு சேர்ந்துவிடும், அதை வகுக்கும் சுயேச்சை எண்ணும் 6இலிருந்து 9 ஆகும். விகிதம் 2.2க்கு இறங்கும், எல்லையோ 4.26. "வித்தியாசம் இல்லை" என்று வீட்டுக்குப் போயிருப்போம். தொட்டியும் அதே, தராசும் அதே.

அடுத்து, எந்த இரண்டுக்கு நடுவில் வித்தியாசம்? மூன்று ஜோடிக்கும் தனித்தனியாக டி டெஸ்ட் போட்டால், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதத்தில் நிற்காமல் 12 அளவுக்கு ஏறிவிடும். அதனால் எல்லா ஜோடிகளையும் சேர்த்தே அந்த வாய்ப்பை 5 சதவீதத்தில் நிறுத்தும் டூக்கி முறை. அதன்படி இங்கே இரண்டு சராசரிக்கு நடுவில் 16 கிராமாவது இடைவெளி வேண்டும்.

[திரையில்: மூன்று சராசரிகள், நடுவில் 20, 25, 5 என்ற இடைவெளிகள்.]

உரம் போடாததற்கும் கம்போஸ்டுக்கும் 20, கடை உரத்துக்கு 25. இரண்டும் தேறிவிட்டன. கம்போஸ்டுக்கும் கடை உரத்துக்கும் நடுவில் 5தான். அப்படியானால் இரண்டும் சமமா? அப்படிச் சொல்ல முடியாது. அந்த 5க்கு இரு பக்கமும் 16 வைத்துப் பாருங்கள்: கம்போஸ்ட் 11 கிராம் முன்னால் இருக்கலாம், கடை உரம் 21 கிராம் முன்னால் இருக்கலாம். நான்கு இடத்தை வைத்து இதற்குமேல் பேச முடியாது.

இந்த இரண்டை மட்டும் ஒப்பிட்டு, உண்மையிலேயே 5 கிராம் வித்தியாசம் இருந்தால் ஐந்தில் நான்கு முறையாவது பிடித்துவிட வேண்டும் என்றால், சுமார் 36 இடம், 72 தொட்டி வேண்டும். 10 கிராம் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்றால் 11 இடம், 22 தொட்டி. எத்தனை கிராமுக்காகக் கடை உரத்துக்குக் காசு கொடுப்பீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, விதைப் பாக்கெட்டைப் பிரியுங்கள்.