ஒரே வரி, நூறு வட்டம்: டச்டிசைனரில் உங்கள் முதல் ஷேடர்

[திரையில்: கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு வெள்ளை வட்டம்]

இப்போது திரையில் ஒரு வட்டம் இருக்கிறது. கோடில் ஒரே ஒரு வரி சேர்க்கப் போகிறேன். லூப் கிடையாது, காப்பி பேஸ்ட் கிடையாது. கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

[திரையில்: பத்து வரிசை, வரிசைக்குப் பத்து வட்டம்]

நூறு வட்டம்! அந்த வரியில் இருக்கும் 10-ஐ 100 ஆக்கினால் பத்தாயிரம். வேகம் அதே விநாடிக்கு 60 ஃப்ரேம், கணினி மூச்சு வாங்கவே இல்லை. இது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிட்டால், ஷேடரில், அதாவது ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்குப் போடும் சின்ன நிரலில், மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

வணக்கம். முதலில் பின்னணி, வேகமாக. டச்டிசைனர் என்பது டொரான்டோவில் இருக்கும் டெரிவேட்டிவ் நிறுவனத்தின் மென்பொருள். நோடு எனும் சின்னச் சின்ன வேலைப் பெட்டிகளை ஒயரால் இணைத்துக் கச்சேரி மேடைத் திரை, இன்ஸ்டலேஷன் எல்லாம் செய்கிறார்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தாத வரை இலவசம், ஆனால் ரெசல்யூஷன் 1280க்கு 1280-ஐத் தாண்டாது. கற்றுக்கொள்ள அது தாராளம். ஷேடர் எழுதும் மொழி ஜிஎல்எஸ்எல், 2004-இல் ஓப்பன்ஜிஎல் 2.0-உடன் வந்தது. வரலாறு முடிந்தது!

"நோடே இருக்கும்போது கோடு எதற்கு?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எந்த நோடும் தராத ஒரு உருவம் உங்கள் மனதில் இருக்கும்போது தேவைப்படும். அதற்கும் மேலே, ஷேடர் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. வெறும் கோடில் தொடங்கினால் விண்டோ திறக்க, படத்தை ஏற்ற, நேரத்தை அனுப்ப என்று ஏகப்பட்ட வரி எழுதிய பிறகுதான் முதல் பிக்சலைப் பார்ப்போம். இங்கே படம், ஒலி, நேரம் எல்லாம் ஒயரில் வந்துவிடும். உங்களுக்கு மிச்சம் இருப்பது பிக்சலின் நிறம் மட்டும்தான்.

சரி, ஒரு ஜிஎல்எஸ்எல் டாப் (TOP, படத்தைக் கையாளும் வகை) நோடு போடுங்கள். அதோடு ஒட்டியபடியே ஒரு டெக்ஸ்ட் டாட் (DAT, எழுத்தை வைக்கும் வகை) நோடு வரும், கோடு அதில்தான். அவுட்புட் ரெசல்யூஷனை 1000க்கு 1000 என்று சதுரமாக வையுங்கள்.

இப்போதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறோம்.

ஒரு ஸ்டேடியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு வண்ண அட்டையைத் தூக்குகிறார்கள், எதிர்ப்பக்கம் இருந்து பார்த்தால் பெரிய கொடி தெரிகிறது. உட்கார்ந்திருப்பவருக்குக் கொடி தெரியாது. பக்கத்து சீட்டுக்காரர் என்ன தூக்கினார் என்றும் தெரியாது. கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு: "உன் வரிசை இது, இருக்கை இது என்றால் சிவப்பைத் தூக்கு, இல்லையென்றால் வெள்ளையைத் தூக்கு." எல்லோருக்கும் அதே துண்டுச் சீட்டுதான். ஆளுக்கு ஆள் மாறுவது இருக்கை எண் மட்டும்.

ஷேடர் என்பது அந்தத் துண்டுச் சீட்டு. நம் 1000க்கு 1000 திரையில் பத்து லட்சம் பிக்சல். ஃப்ரேமுக்கு ஒருமுறை அத்தனை பேரும் அதைப் படிக்கிறார்கள். 60 ஃப்ரேம் என்றால், நீங்கள் எழுதும் அந்தச் சில வரி ஒரு விநாடிக்கு ஆறு கோடி முறை ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு பிக்சல்களைக் கூட்டம் கூட்டமாக ஒரே நேரத்தில் கணக்குப் போடுவதால்தான் இது சாத்தியம்.

அதனால் "நடுவில் ஒரு வட்டம் வரை" என்று இங்கே யாருக்கும் கட்டளை போட முடியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் மையத்திலிருந்து எவ்வளவு தூரம்? திரையின் அகலத்தை 1 என்று வைத்தால், 0.3-க்குள் வெள்ளை, தாண்டினால் கறுப்பு. அவ்வளவுதான், வட்டம் வந்துவிட்டது! வட்டத்தை யாரும் வரையவில்லை, பத்து லட்சம் பேர் தனித்தனியாகத் தூரம் அளந்தார்கள்.

[திரையில்: கோடு, வரி வரியாக]

இருக்கை எண்ணின் பெயர் இங்கே வி யூவி, சுருக்கமாக யூவி. கீழ் இடது மூலை 0, 0. மேல் வலது மூலை 1, 1. மையம் 0.5, 0.5. அதைக் கழித்து, லெங்த் ஃபங்ஷனில் போட்டால் தூரம் கிடைக்கும். அந்தத் தூரத்தை ஸ்மூத்ஸ்டெப் 0.29, 0.31 என்று கொடுத்து, வந்த விடையை 1-இலிருந்து கழியுங்கள். ஸ்மூத்ஸ்டெப் அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் 0-இலிருந்து 1-க்கு மெல்ல ஏறும், ஸ்டெப் ஒரே தாவலாகத் தாவும். வெறும் ஸ்டெப் போட்டாலும் வட்டம் வரும், ஆனால் விளிம்பு பல்லுப் பல்லாக இருக்கும். அந்தச் சின்ன இடைவெளிதான் விளிம்பை மழமழவென்று ஆக்குகிறது.

இப்போது அந்த மாய வரி. தூரம் அளப்பதற்கு முன்னால், யூவியைப் பத்தால் பெருக்கி, ஃப்ராக்ட் ஃபங்ஷனில் போடுங்கள். ஃப்ராக்ட் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: முழு எண்ணை வெட்டிவிட்டு, புள்ளிக்குப் பிறகு இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். 3.72 வந்தால் 0.72. 8.72 வந்தாலும் 0.72.

புரிகிறதா என்ன நடந்தது என்று? இருக்கை எண்ணையே மாற்றிக் கொடுத்துவிட்டோம். பத்துப் பகுதியில் இருப்பவர்களும் "நான் 0.72-இல் இருக்கிறேன்" என்று நம்புகிறார்கள். குறுக்கே பத்து, நெடுக்கே பத்து. நூறு கட்டத்திலும் ஒவ்வொரு பிக்சலும் தன் கட்டத்தின் மையத்தைத்தான் திரையின் மையம் என்று நினைத்துத் தூரம் அளக்கிறது. ஒரு பிக்சலுக்கு ஒரே ஒரு தூரக் கணக்கு, வட்டம் ஒன்றானாலும் பத்தாயிரமானாலும். அதனால்தான் கணினிக்குப் பாரம் ஏறவே இல்லை. இந்த அழகை முதன்முதலில் புரிந்துகொள்ளும் யாருக்கும் ஒரு சிரிப்பு வரும், எனக்கு இப்போதும் வருகிறது.

அப்புறம், வெட்டி எறிந்த அந்த முழு எண்ணும் வீண் இல்லை. ஃப்ராக்டுக்குப் பதில் ஃப்ளோர் போட்டால் அதுவே கட்டத்தின் எண்: குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. நோடின் வெக்டர் பக்கத்தில் ஒரு யூனிஃபார்ம், அதாவது வெளியிலிருந்து எல்லாப் பிக்சலுக்கும் ஒரே மாதிரி போகும் மதிப்பு, சேர்த்து, அதில் absTime.seconds என்று எழுதுங்கள். அந்த நேரத்தோடு கட்டத்தின் இரண்டு எண்ணையும் கூட்டி, சைன் எடுத்து, 0.1-ஆல் பெருக்கி, ஆரத்தில், அதாவது 0.29, 0.31 இரண்டிலும், சேருங்கள்.

[திரையில்: வட்டங்கள் அலை அலையாகச் சுருங்கி விரிகின்றன]

வீடியோவை நிறுத்திவிட்டு இதைச் செய்து பாருங்கள். பார்ப்பது வேறு, கை வைப்பது வேறு.

மாட்டிக்கொள்ளும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 1/2 என்று எழுதினால் விடை 0, ஏனென்றால் இரண்டும் முழு எண். 1.0/2.0 என்று எழுதுங்கள். ரெசல்யூஷன் சதுரமாக இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகும். எக்ஸை, அகலத்தை உயரத்தால் வகுத்த எண்ணால் பெருக்குங்கள். கம்பைல் ஆகவில்லையென்றால் இன்ஃபோ டாட்டைப் பாருங்கள், எந்த வரி என்று அதில் இருக்கும். பிரிண்ட் கிடையாது. சந்தேகமான மதிப்பைச் சிவப்பில் போட்டுக் கண்ணால் பார்க்க வேண்டும், அதிலும் நெகட்டிவ் மதிப்பு வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

பலர் தங்கள் ஷேடரைப் பகிரும் ஷேடர்டாய் தளத்திலிருந்து கோடு எடுக்க ஆசைப்படுவீர்கள். எடுங்கள், அது பெரிய பள்ளிக்கூடம். அங்கே இருக்கை எண்ணின் பெயர் ஃப்ராக் கோர்ட், அது பிக்சல் கணக்கு, இங்கே வி யூவி 0 முதல் 1 வரை. அதனால் ரெசல்யூஷனால் பெருக்கிக்கொள்ளுங்கள். நேரத்துக்கு அங்கே இருக்கும் ஐ டைமுக்குப் பதில் உங்கள் யூனிஃபார்ம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எழுதியவர் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அங்கே உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது, பெயர் போடவும் சொல்கிறது. காசு வாங்கும் மேடைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ராத்திரி கண் விழித்து எழுதியவரின் உழைப்பு அது.

கடைசியாக, வீட்டுப்பாடம். டச்டிசைனருக்குள்ளேயே டிடி பெர்லின் நாய்ஸ் என்று, இடத்துக்கு இடம் மெல்ல மாறும் ஒழுங்கற்ற எண்களைத் தரும் ஒரு ஃபங்ஷன் தயாராக இருக்கிறது. கென் பெர்லின் 1985-இல் கட்டுரையாக வெளியிட்ட முறை, 1997-இல் அவருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. ஃப்ராக்ட் போடுவதற்கு முன்னால், யூவியோடு அந்த நாய்ஸைக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நாய்ஸை 0.05-ஆல் பெருக்கித் தொடங்கி, அந்த எண்ணை மெல்ல ஏற்றுங்கள். எந்த எண்ணில் வட்டங்கள் வட்டமாக இருப்பதை விடுகின்றன என்று கமெண்ட்டில் எழுதுங்கள், நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன்.